நோன்பு வைத்த பால்வீதி

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் லத்தீபின் பிரியாணிக் கடைக்கு மேலே வீடு. வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. மொட்டை மாடிக்கு மேலே பால்வீதி. இந்த வரிசையில் கடைசியாக உள்ளதை அந்தக் குடும்பத்தில் கவனித்தவள் ஒருத்திதான்: மகள் அஃப்சானா, எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு.

அந்த வருஷம் அவள் வகுப்பில் எல்லாரும் ஆய்வு ப்ராஜெக்ட் செய்தார்கள். செய்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ப்ராஜெக்ட் செய்து கொடுக்கவென்றே கடைகள் உண்டு. தலைப்பைச் சொன்னால் போதும், வரைபடம், முடிவுரை, நன்றியுரையில் பெற்றோர் மீதான பாசம் உட்பட எல்லாவற்றையும் பைண்ட் பண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அஃப்சானா மட்டும் தானே அளக்கப் போவதாகச் சொன்னாள். அவளுடைய வழிகாட்டி மதியழகன் சார் கவலைப்பட்டார்.

"அளந்தா என்ன வரும்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கு ரிஸ்க்கு?"

அவள் அளக்க நினைத்தது ஹைட்ரஜனை. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கிற அந்த வாயு, ரேடியோவில் ஒரே ஒரு அலைவரிசையில் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கிறது. பால்வீதி தலைக்கு மேல் வரும்போது முனகல் கூடும். பகலிலும் கேட்கும், அதனால் ராக்கண் முழிக்க வேண்டியதில்லை. தேவை, ஒரு பெரிய தகரப் புனல். புனலின் அடியில் ஐந்து லிட்டர் டின். டின்னுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பி. அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ரிசீவர். நெய் டின்னுக்குப் பஞ்சமே இல்லாத வீடு. அவளுடைய அம்மா உம்மு சல்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பாத்திரம் சேப்பாங்க, இவ தகரம் சேக்குறா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தை மாதத்தில் ஒரு நாள், பதினோரு மணி வாக்கில், திரையில் அது எழுந்தது. ஊசி மாதிரி ஒரு முனை, சாரின் மொழியில் பீக். அவள் போட்ட கணக்குப்படி பால்வீதி உச்சிக்கு வர வேண்டிய நேரமும் அதுவே. மறுநாளும் வந்தது. அஃப்சானா துள்ளினாள்; அவளைவிட மதியழகன் சார் உயரமாகத் துள்ளினார். செய்முறைத் தேர்வுகள் வந்ததால் அவள் சில வாரம் மாடிக்கே போகவில்லை. அந்த இடைவெளியில் சார் துறைத் தலைவருக்குச் சொன்னார், முதல்வருக்குச் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் சொன்னார். ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று. "நண்பகலில் பால்வீதியைப் பிடித்த மாணவி!" சாரின் படம் ஆளுயரம், மாணவியின் படம் தபால்தலை அளவு. பின்னணியில் யாருடையதோ ஒரு விண்மீன் மண்டலம். நம்முடையதை வெளியே போய் நின்று படம் எடுத்தவர் கிடையாது, ஃப்ளெக்ஸ்காரர் மேல் குறை சொல்ல முடியாது.

தேர்வு முடிவதற்கும் ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. சஹர் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் அஃப்சானா மாடியேறினாள். விண்மீன்கள் தினமும் முந்தின நாளைவிட நாலு நிமிஷம் முன்னதாகவே வந்துவிடும். அந்தக் கணக்கில் பால்வீதி இப்போது காலை ஒன்பதுக்குள் வந்து போயிருக்க வேண்டும். ஒன்பதுக்கு ஊரின் வழக்கமான இரைச்சல்தான் இருந்தது. பதினொன்று, ஒன்றுமில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் ஒன்றுமில்லை. மாலை நாலு மணிக்கு, ஊசி மாதிரி, அதே முனை எழுந்தது.

மறுநாளும் பகலெல்லாம் பட்டினி, நாலு மணிக்கு வருகை. மூன்றாம் நாளும் அப்படியே.

பால்வீதி நோன்பு வைக்கிறதா?

கீழே எட்டிப் பார்த்தாள். ரம்ஜான் மாதத்தில் அத்தா பகலில் கடை திறப்பதில்லை. நாலு மணிக்குத்தான் ஷட்டர் ஏறும், பிரியாணித் தேக்சாவில் தம் உடையும், வாசல் எல்.இ.டி. போர்டில் சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கும்: பிரியாணி ரெடி. மற்ற மாதங்களில் அதே போர்டு பதினோரு மணிக்கு ஓடும்.

படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். கடையில் கூட்டம் நெரிந்தது.

"அத்தா, அந்த போர்டைச் செத்த நேரம் அணைங்க."

லத்தீபின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நோன்பு தொறக்க வாங்கிட்டுப் போற நேரத்துலயா? கடையை மூடிட்டோம்னு நெனச்சு எதிர்த்த கடைக்குப் போயிருவாய்ங்கம்மா!"

"பத்து நிமிஷம்."

"அஞ்சு. அதுக்கு மேல ஒரு நொடி போனாலும் நானே போட்ருவேன்."

போர்டு அணைந்தது. மாடியில் முனை செத்தது. போர்டு எரிந்தது. முனை எழுந்து நின்றது. மின்னும் எழுத்துகள் கிளப்பிய ரேடியோ இரைச்சலைத்தான் புனல் இத்தனை நாள் பிடித்திருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் எதிர்க் கடைக்கு நாலு பேர் போனார்கள். அஃப்சானாவுக்கு ஒரு மாத உழைப்பு போனது.

மறுநாள் அவள் சொன்னதை மதியழகன் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உங்க கடை போர்டுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உங்க மாடி ஏறிப் பாக்கப் போறாரா? பீக்குன்னா பீக்குதாம்மா. அதை வச்சு எழுதி முடி."

"அது பிரியாணி ரெடிங்குது சார். ஹைட்ரஜன்னு எப்படி எழுத?"

சார் கண்ணைத் திறந்தார். "அப்ப பெருநாளைக்கு முந்தின வாரம் சப்மிஷன். அதுக்குள்ள நெசமான பீக்கைக் காட்டு. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷந்தான்."

அவள் அழவில்லை. அழுதால் தொண்டை காயும். நோன்பு நேரத்தில் அது கட்டுப்படியாகாது. நேராக வகுப்புத் தோழன் ஈஸ்வரனிடம் போனாள். சாணார்பட்டிப் பக்கம் அவர்களுக்குக் கத்தரித் தோட்டம் இருந்தது. சுற்றிலும் எந்த போர்டும் ஓடாது.

மறுநாள் விடிகாலையில் லத்தீப் கடை வேனில் புனல் போனது. தோட்டத்து நடுவில் அதை வானம் பார்க்க நிறுத்தியதுதான் தாமதம், வரப்பில் ஆள் சேர்ந்துவிட்டது. ஈஸ்வரனின் அப்பா உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏலே ஈஸ்வரா, நாலு வழிச்சாலைக்கு அளக்க வந்துருக்காங்கன்னு ஊரே பேசுது. நெசமாலே?"

"இல்லப்பா, வானத்தை அளக்குறோம்."

"அது யாரு பேர்ல பட்டா இருக்கு?"

"யாரு பேர்லயும் இல்லய்யா" என்றாள் அஃப்சானா.

"அப்பச் சரி. இருந்திருந்தா அதையும் எடுத்துருப்பாய்ங்க."

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மும்முனை மின்சாரம் காலையில்தான் வரும். வந்த மாத்திரத்தில் கிணற்று மோட்டார் ஓடும். ஓடினால் திரை முழுக்க மணல் வாரி இறைத்த மாதிரி இரைச்சல். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவள் உடையப்பனிடமே போனாள்.

"அய்யா, நாளைக்கு ஒரு மணி நேரம் மோட்டாரைப் போடாம இருக்க முடியுமா?"

"கரண்டு இருக்கயிலயா? கத்தரிக்கா உன் நச்சத்திரத்தைக் குடிச்சா வளரும்?"

"ஒரு மணி நேரந்தான். மிச்சத் தண்ணியை நான் நின்னு கட்டுறேன்."

"நீயா? நோன்பு வச்சுக்கிட்டா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தி ஒடையாமக் கட்டுவியா?"

"சொல்லிக் குடுத்தாக் கட்டுவேன்."

நாலாம் நாள் மோட்டார் மௌனமாக இருந்தது. எட்டு மணிக்குத் திரையில் ஊசி எழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மேடு தெரிந்தது. தாழ்வான, அகலமான, ஒரு பக்கம் லேசாகச் சரிந்த மேடு. ஃப்ளெக்ஸ் அடிக்கும் லட்சணம் அதற்குச் சுத்தமாக இல்லை. செத்த நேரத்தில் கூடியது, பிறகு மெல்லக் குறைந்து கரைந்தது.

"அம்புட்டுதானா?" என்றான் ஈஸ்வரன்.

"நாளைக்குச் சொல்றேன்."

ஒரு தடவை ஏமாந்தவள், கொண்டாட மறுத்துவிட்டாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கினாள். இரண்டு பாத்தி உடைந்தது. உடையப்பன் வைத வசவில் நோன்புக்காரிக்கென்று சலுகை எதுவும் இருக்கவில்லை. மறுநாள் மேடு நாலு நிமிஷம் முன்னதாக வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் நாலு நிமிஷம் முன்னதாக. அந்த வாரம் முழுக்க அது அப்படியே நகர்ந்து வந்தது. லத்தீப் கடை போர்டுக்கு அந்த ஒழுக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. வாரக் கடைசியில்தான் அவள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள்.

மதியழகன் சார் மேட்டைப் பார்த்தார். "கொஞ்சம் கூர்மையா வரைய முடியாதா?"

"அது இருக்குற மாதிரிதான் சார் இருக்கும்."

"சரி, அந்த போர்டு கதை எழுதின அத்தியாயத்தையாவது எடுத்துரு."

"அதை எடுத்தா இதை எப்படி சார் நம்புவாங்க?"

சார் பேனாவைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்த பேனாவை அவ்வளவு நேரம் தேடியவர் அந்தத் துறையில் வேறு யாரும் இல்லை. கடைசியில் கையெழுத்து விழுந்தது.

பெருநாள் முடிந்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ப்ராஜெக்டைப் புரட்டிக்கொண்டே போனவர் அந்த அத்தியாயத்தில் நின்றுவிட்டார்.

"எல்லாரும் வந்ததை எழுதுவாங்க. நீ தப்பா வந்ததையும் பைண்ட் பண்ணியிருக்கியேம்மா?"

"நான் அளந்ததுல அதுவும் ஒண்ணு சார்."

அவர் அரை மணி நேரம் அவளைக் குடைந்தார். மேடு ஏன் சரிந்திருக்கிறது, வாயு எந்தப் பக்கம் நகர்கிறது, மோட்டார் இல்லையென்று எப்படி உறுதி? அவள் பாத்தி உடைந்தது வரை சொன்னாள். மற்றவர்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த வரைபடம் எங்கே வாங்கினது?"

தேர்வாளருக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தருவது துறை வழக்கம். பார்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்த அவர், "இதுதான் அந்த சிக்னலா?" என்றார். மதியழகன் சார் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு, ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார்.

ஃப்ளெக்ஸ் இப்போது பேகம்பூர் மொட்டை மாடியில் இருக்கிறது. கோடை மழையில் நனையாமல் இருக்கப் புனலுக்கு மேல் அதைத்தான் போர்த்தியிருக்கிறாள். சாரின் முகம் சரியாகப் புனலின் வாய்க்கு நேரே வருகிறது. பட்டம் கைக்கு வந்தாயிற்று. ஆனால் பால்வீதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. அது உச்சிக்கு வரும் நேரத்தை அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெயில் காலம் முடிகிறபோது, மறுபடி காலையில் வருகிறது. உடையப்பனுக்குப் போன் போட்டாள்.

"அய்யா, மறுபடி ஒரு வாரம் வாரேன்."

"வா, வா. இந்தவாட்டி வெண்டை போட்ருக்கேன். பாத்தியை ஒடச்சே, தோட்டத்துப் பக்கமே வரக் கூடாது."