பூட்டிய பீரோவில் என் ஒரிஜினல்கள்

எங்கள் எம்.எட். கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் என்று ஓர் அறை இருந்தது. குடவாசல் போகும் சாலையில், வயலுக்கு நடுவே கட்டிய கல்லூரி. இரண்டு வருடமும் அந்த அறையில் பழைய விடைத்தாள் கட்டுகளைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. விண்ணப்பம் எப்படி எழுதுவது, நேர்காணலில் என்ன கேட்பார்கள், எம்.எட். முடித்தவளுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு என்ன வேலை இருக்கிறது என்று ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கீழ்வேளூர் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்டுப் படிக்க வைத்தவர்கள். அவர்களிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா?

கடைசித் தேர்வு முடிந்த அன்று, மையத்தின் பொறுப்பாளரான பேராசிரியர் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் வந்திருந்தார்.

"சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாத்தையும் சார்கிட்ட குடுத்துட்டு ஆர்டர் வாங்கிக்கங்க" என்றார் பேராசிரியர். போட்டோவும் எடுத்தார்கள்.

இந்தப் பக்கத்தில் இது வழக்கம். தனியார் பள்ளியில் சேர்ந்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம் வரை எல்லாவற்றையும் வாங்கிப் பள்ளி பீரோவில் பூட்டிவிடுவார்கள். ஆள் நடுவில் ஓடிவிடக் கூடாதாம்! எனக்கு மனசே இல்லை. ஆனால் பேராசிரியரே சொல்கிறாரே என்று கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறினேன். வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் காட்டாதவருக்கு வேலை இல்லை என்று அழைப்புக் கடிதத்திலேயே இருந்தது. தாளாளரிடம் போய் நின்றேன்.

"பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்மா. நடுவுல நீங்க போயிட்டா பிள்ளைங்க கதி?"

"ஒரே ஒரு நாள் குடுங்க சார். சாயந்தரமே கொண்டாந்து வச்சிடுறேன்."

"அப்புடிச் சொல்லிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரல."

நேரே கல்லூரிக்கு ஓடினேன். பேராசிரியர் தாளாளருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

"அடுத்த மாசம் காலேஜுக்கு மார்க் போட ஆய்வுக் குழு வருது. நாங்க வேலை வாங்கிக் குடுத்தவங்க லிஸ்ட்ல நீ இருக்க. இப்ப நீ கழண்டுக்கிட்டா எங்க நிலைமை என்னம்மா ஆகுறது?" என்றார்.

அடப்பாவிகளா! என் வாழ்க்கை இவருக்கு லிஸ்டில் ஒரு வரி. வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை வெறும் ஜெராக்ஸோடு தஞ்சாவூர் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மா பாவம், இரக்கப்பட்டார். ஆனால், "ஒரிஜினல் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். என் இடம் அடுத்தவருக்குப் போனது. பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் திரும்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்த மாதம் ஆய்வுக் குழு வந்தது. வேலை கிடைத்த பழைய மாணவி என்று பேச என்னையே கூப்பிட்டார்கள். ஒரிஜினல்கள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன, இவள் எங்கே வாயைத் திறக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். போனேன். திறப்பதற்காகவே போனேன். மையம் உங்களுக்கு என்ன உதவி செய்தது என்று குழுவில் ஒருவர் கேட்டார். பீரோவில் பூட்டியது, போன் போட மறுத்தது, வேலை பறிபோனது என்று ஒன்று விடாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பேராசிரியர் அவசரமாக எழுந்து குழுவுக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

கேட்டவர் பேனாவைத் திறந்தார்.

"பயப்படாம, கோர்வையா, எவ்வளவு அழகாப் பேசுறீங்கம்மா! நல்லாத்தான் பயிற்சி குடுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கல்லூரிக்கு மதிப்பெண் போட்டார்.