மல்லிகைக்கு மாவுத்தாள்

கப்பலூரில் ஹரிராம் நடத்துகிற சின்னக் கம்பெனியில் மொக்கைச்சாமிக்கு மாவுத்தாள் ஊற்றுகிற வேலை. மரவள்ளிக்கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, கிளிசரின் சேர்த்துத் தட்டில் பரப்பினால், காய்ந்ததும் பாலித்தீன் மாதிரி உரிந்து வரும். கிளிசரின் குறைந்தால் அப்பளமாக நொறுங்கும், கூடினால் கையை விடாது.

பாலித்தீன் பைக்கு அபராதம் போட ஆரம்பித்ததிலிருந்து, ஆனையூர் முக்கில் பூ விற்கிற பெண்டாட்டி தங்கப்பொண்ணு படுகிற பாட்டைப் பார்த்தவன், அந்தத் தாளில் பை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். கம்பெனியிலேயே பூவைப் போட்டுச் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். ஒன்று மட்டும் அவன் நினைப்பில் வரவில்லை. பூக்காரி கை சும்மா இருக்காது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் வாடிக்கைக்கார ஸ்வர்ணா டீச்சர் பையோடு வந்து நின்றார். பை கரைந்து, மல்லிகை மொத்தமும் கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தது.

"பூ கேட்டா அல்வா குடுத்துட்டியே தங்கம்!"

பக்கத்துக் கடை முத்துத்தாய் விடுவாளா? "ஏடி, ஒம்புருசன் பூவுக்குப் பசை காச்சிக் குடுத்தாரா?"

வீட்டில் சோறு போடும்போதுதான் தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள். "டீச்சரு இம்புட்டு வருசமா எங்கிட்டதான் வாங்குது. இனிமே வராது. ஒம்ம பையி போதும்யா."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன், விடிந்ததும் கம்பெனிக்குப் போனான்.

"அண்ணே, தண்ணி பட்டாலும் தாங்குற மாதிரி எதையாச்சும் சேப்போம்ணே" என்று ஹரிராமிடம் போய் நின்றான்.

"தேன்மெழுகு சேத்தாத் தாங்கும். ஆனா தாளு மங்கிப்போகும், மொக்கை."

"மங்கட்டும்ணே."

முதல் தட்டில் மெழுகு கூழோடு சேராமல் திட்டுத்திட்டாக மிதந்தது. இரண்டும் சேர ஹரிராம் கொடுத்த பொடியைப் போட்டு, சூட்டோடு சூடாகக் கை மரக்கிற வரைக்கும் அடித்துக் கலக்கினான். அடுத்த தாள் பால் நிறத்தில் துவண்டு வந்தது.

புதுப் பையில் ஒரு பிடி மல்லிகையைப் போட்டுக் கடையில் வைத்தான். தங்கப்பொண்ணு சொம்புத் தண்ணீரை அள்ளி அதன்மேல் அடித்தாள், கோபம் தீருகிற மட்டும். பை அசரவில்லை.

"உள்ள பூவே தெரியலையேய்யா."

"வாசம் வருதுல்ல?"

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. நாலு முழம் அளந்து பையில் வைத்து, "கடையப் பாத்துக்க, டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

முழம் போடத் தெரியாமல் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தான் அவன். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"வாங்கிக்கிருச்சா?"

"வாங்கிக்கிருச்சு. பையி யாரு செஞ்சதுன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"தள்ளி உக்காருய்யா, யாவாரத்தப் பாக்கணும்" என்றாள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து.