வண்டிக்குச் சிறுவாணித் தண்ணீர்

சாந்தாமணி வீட்டு அம்பாசிடர் எங்கெங்கே கொதித்து நின்றது என்று யாராவது கேட்டால், அவள் வாயால் சொல்ல மாட்டாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து முன்னால் வைப்பாள். தேதி, இடம், ரேடியேட்டர் எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தது, எல்லாம் அதில் இருக்கும். அவிநாசிக்குக் கல்யாண வீட்டாரை ஏற்றிப்போன நாளில் கருமத்தம்பட்டியில் ஒரு முறை, தெக்கலூரில் ஒரு முறை. காரமடைத் தேருக்குப் போனபோது பெரியநாயக்கன்பாளையத்தில். மருதமலைக்கு மட்டும் ஒரே வரி: "பாதி மலை. இறங்கி நடந்தோம்."

1995ஆம் வருசம். அவள் புருசன் மாசாணம் வேலை பார்த்த மில்லுக்குப் பூட்டுப் போட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. சின்னவேடம்பட்டியில் இருந்த அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அம்பாசிடரால்தான். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று யார் கூப்பிட்டாலும் மாசாணம் ஓட்டிப் போவான். ஆனால் வண்டி மாமனார் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு ஆர்.சி. புத்தகம் மூத்த மகன் செங்கோட்டையன் பேருக்கு மாறியது. ஓட்டுவது தம்பி, உடையவர் அண்ணன்.

கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுந்தரராஜுலு முதலில் ஹெட் கேஸ்கட்டை மாற்றினார். கொதித்தது. வாட்டர் பம்பை மாற்றினார். அப்போதும் கொதித்தது. மூன்றாம் முறை பானெட்டைத் தூக்கக்கூட இல்லை. "இஞ்சின் பிளாக்கே போயிருச்சும்மா. இனி இதுக்கு வைத்தியமில்ல" என்றார்.

அந்தப் பேச்சு செங்கோட்டையன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "அடுத்த வாரம் புதங்கெழம உக்கடத்துல இருந்து பழைய இரும்புக்காரன் வாரான். வெட்டி எடுத்துட்டுப் போவட்டும். நிறுத்தி வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

மாசாணம் காலி டம்ளரை வாங்கிக்கொண்டான். அண்ணனை எதிர்த்து அவன் ஒரு நாளும் பேசியதில்லை. பேசியது சாந்தாமணிதான்.

"ஏனுங்க மாமா, பிளாக் போயிருச்சுன்னு பாத்தது யாருங்க?"

"ராஜுலுதான் சொல்லிப்போட்டானே."

"சொன்னாருங்க. தொறந்து பாத்தாருங்களா?"

"அப்ப நீ தொறந்து பாரு, அம்மணி. ஊட்டுல கரண்டி இருக்குதுல்ல?"

"கரண்டி வேண்டாங்க. ஸ்பானர் இருக்குதுங்க. புதங்கெழமைக்கு முந்தின நாள் மருதமலைக்கு வாங்க. நீங்களே முன் சீட்டுல குக்குங்க. வண்டி கொதிச்சா இரும்புக்காரனுக்கு நானே சாவி எடுத்துக் குடுக்கறேன்."

செங்கோட்டையன் சிரித்தார். "சரி, செவ்வாக்கெழம வாரேன். நடந்து ஏற செருப்புப் போடாம வாரேன்."

சாந்தாமணிக்கு இருந்தது ஒன்பது நாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எதைச் செய்தாலும் வரிசைப்படிச் செய்கிறவள். பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், பாயிண்ட்டுக்கு இடைவெளி வைப்பதும் ராஜுலு பட்டறைக்கு எதிரே குடை பிடித்து நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். "பொம்பளைங்க நிக்கிற எடமில்லம்மா" என்று அவர் சொன்னபோது, "ரோட்டுலதானுங்க நிக்கறேன்" என்று சொன்னவள்.

முதல் நாள், இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னாள். தண்ணீரில் குமிழி வரவில்லை. எண்ணெய்ப் படலமும் மிதக்கவில்லை. பிளாக் வெடித்திருந்தால் இரண்டில் ஒன்று தெரியும். "பிளாக் நல்லாருக்குதுங்க" என்று புருசனிடம் சொல்லி நோட்டில் எழுதினாள். அப்புறம் மூடியைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, விசிறி நின்றதும் ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். மேலே சுட்டது. ஓரத்தில் சுட்டது. நடுவில் ஒரு முறம் அகலத்துக்குச் சில்லென்று இருந்தது. சூடான தண்ணீர் அங்கே போகவே இல்லை.

அடைப்பு எதனால் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த நாள் வெந்நீர் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தபோது பிடிபட்டது. அண்டாவின் உள்ளே சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் பொருக்கு. போர் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஏறிய உப்பு. எழுந்து போய் நோட்டைப் புரட்டினாள். கொதித்த ஒவ்வொரு முறையும் வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோன உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தார்கள். ஊற்ற ஊற்ற, ஒரு கொதிப்புக்கும் அடுத்த கொதிப்புக்கும் நடுவே இருந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்திருந்தன. மாமனார் காலத்தில், இதே வண்டி டவுனுக்குள் ராமநாதபுரத்தில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இருந்த வீட்டில் நின்றபோது, ஒரு நாளும் கொதித்ததில்லை.

இந்தப் பக்கத்தில் தண்ணீருக்குச் சாதி இரண்டு. நல்ல தண்ணீர் குடிக்க, சோறாக்க. உப்புத் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, வண்டிக்கு. மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிற சிறுவாணியைப் பிடித்து இரும்புக்குள் ஊற்ற யாருக்கு மனசு வரும்? ராஜுலு பட்டறையிலும் போர் தண்ணீர்தான். அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ரேடியேட்டரும் அண்டா மாதிரி செம்பும் பித்தளையும்தான். அண்டாவுக்குப் புளி என்றால் இதற்கும் புளி. உப்புப் போட்டு வைக்காத புதுப் புளியாகத் தேடி இரண்டு கிலோ வாங்கினாள். வெந்நீரில் கரைத்து, சக்கை ஒரு துளி தங்காதபடி வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி ஊற்றி, அரைமணி நேரம் வண்டியை ஓடவிட்டாள். வாசலோடு போன செங்கோட்டையனுக்கு வாசம் வந்தது.

"என்ன அம்மணி, காருக்குப் புளிக்கொழம்பா? வெங்காயம் போட்டயா?"

"தாளிக்கறது செவ்வாக்கெழமைங்க மாமா."

மறுநாள் கீழ்த் திருகைத் திறந்தபோது வெளியே வந்தது தண்ணீர் இல்லை, சேறு. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, கீழ்வாயில் ஓஸ் குழாயைச் சொருகித் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டாள். வெள்ளைச் செதில்கள் கொட்டின. மூன்று முறை புளி, மூன்று முறை கழுவல். கடைசியில் புளிப்புத் துளியும் தங்காதபடி அலசி, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை இரண்டு கேன்களோடு பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் இருந்த அக்கா நாச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். அன்று அங்கே தண்ணீர் வருகிற நாள்.

"குடிக்கறதுக்கா கண்ணு?"

"இல்லக்கா. காருக்கு."

வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "பெட்ரோலுக்குப் பதிலா எளநி ஊத்தச் சொல்லுங்க."

நாச்சியம்மாள் கேனைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள். "எம்பட தங்கச்சி கேட்டா காரணம் இருக்கும். நீ கொடத்தச் சித்தெ நகத்தி வையி."

செவ்வாய்க்கிழமை பத்து மணி வெயிலில் கிளம்பினார்கள். மாசாணம் ஓட்ட, செங்கோட்டையன் முன்னால், சாந்தாமணி பின்னால், அவள் காலடியில் ரேடியேட்டரில் ஊற்றியது போக மீதித் தண்ணீர்க் கேன். சொன்னபடியே செங்கோட்டையன் செருப்பில்லாமல்தான் வந்திருந்தார். மலையடிவாரத்தில் மாசாணம் ஒரு முறை கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். "ரெண்டாவது கியருலயே போங்க" என்றாள் அவள். முதல் வளைவு. இரண்டாவது. போன வருசம் இறங்கி நடந்த இடத்தில் செங்கோட்டையன் பானெட்டையே உற்றுப் பார்த்தார். ஆவி வரவில்லை. முன்னால் போன பஸ் திணறி நின்றது. அம்பாசிடர் அதைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

மேலே போய் நின்றதும் செங்கோட்டையன் இறங்கினார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெறுங்காலைத் தார் ரோடு சுட்டது. நிழலுக்கு ஒதுங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, உக்கடத்துக்காரனுக்கு நானே சொல்லிப்போடறேன்" என்றார். பிறகு, "தண்ணி தாகமா இருக்குது. அந்தக் கேன இப்பிடிக் குடு அம்மணி."

சாந்தாமணி கேனைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"அது வண்டிக்குங்க மாமா. அங்க தொட்டிக் கொழா இருக்குதுங்க. கொஞ்சம் உப்புக் கரிக்கும். மனுசருக்கு ஒண்ணும் பண்ணாதுங்க."

செங்கோட்டையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் குழாயடிக்குப் போய், இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். மாசாணம் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாந்தாமணி நோட்டை எடுத்து, மருதமலை என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, பழைய வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

"மேல் வரைக்கும். ஒரு சொம்பும் ஊற்றவில்லை."