ஏரிக்கரை வரிசையில் ஒரே ஒரு ஏசி

பெல்காட் ஏரி முகாமில் குடியிருக்கிற டிரெய்லர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், சக்கரத்துக்குக் கட்டை வைத்து முடிப்பதற்குள் ஒருத்தி வந்து நிற்பாள். தலையில் மீன்பிடித் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. வரவேற்க வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பல்லைக் காட்டினால் ஏமாந்தீர்கள்.

"ஏசி ஓடறப்ப மைக்ரோவேவ் போடாதீங்க. ஃப்ரிட்ஜையும் வெந்நீர் டாங்கையும் கரண்ட்ல ஓட்டாம கேஸ்ல ஓட்டுங்க. தலைமுடி காய வைக்க மிஷின் வேணும்னா ஏசிய அணைச்சிட்டுப் போடுங்க. இல்லன்னா ஏரிக்காத்து சும்மாதான் அடிக்குது, அதுல வந்து நில்லுங்க."

அவ்வளவுதான், போய்விடுவாள். வெர்லீன் ஸ்டப்ஸ். முகாமைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது. லாரி ஓட்டுவதை விட்ட நாளிலிருந்து கோடைதோறும் அவளுக்குப் பக்கத்து இடம் எனக்கு. ஆகவே அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவன் என்ற பெருமையும் எனக்குத்தான்.

திட்டுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. எங்கள் வரிசைக்கு கரண்ட் வரும் கம்பி, ஜனங்கள் கூடாரத்தில் ஒரு பல்பு எரிந்தால் போதும் என்றிருந்த காலத்தில் போட்டது. இப்போது ஒவ்வொரு கூரைமேலும் ஒரு ஏசி. எங்கள் ஓக்லஹோமா மாநிலத்து ஜூலை வெயிலில் எல்லாம் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஏசி உறுமும், குளிராது, கடைசியில் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும்.

எங்களுக்கு ஏசி நின்றால் வியர்க்கும், நாலு கெட்ட வார்த்தை சொல்வோம், ஏரியில் போய் விழுவோம். வெர்லீன் வீட்டில் கதை வேறு. அவள் புருஷன் டாயிலுக்கு நரம்பு நோய். குளிர்ச்சியில் இருக்கும்வரை கைத்தடியோடு நடப்பான், சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றுவான். உடம்பில் சூடு ஏறினால் கால் இரண்டும் துவண்டுவிடும், நாக்கு குழறும். வெர்லீன் அடுப்படிச் சுவரில் ஒரு வோல்டேஜ் மீட்டரைச் செருகி வைத்திருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். எனக்கு அந்தப் பொம்பளைமேல் மரியாதை வந்தது அதைப் பார்த்துத்தான். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் திட்டுவாள்.

அவர்கள் மகள் லீட்டா துல்சா நகரத்தில் இருக்கிறாள். பெரிய வீடு, வீடு முழுக்கக் குளிர்ச்சி. அப்பாவை அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்று வசந்தகாலத்திலிருந்தே பேச்சு. டாயில் மறுத்துவிட்டான். நல்ல சன்னல் இருக்கிற அறையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதற்குப் பதில், இங்கே மீன் பிடிக்கிறவர்களைக் கேலி பண்ணிக்கொண்டே சாகலாம் என்றான். கடைசியில், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு வருகிறேன், வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று லீட்டா போனில் சொன்னாள். போனை வைக்குமுன், இரண்டு பேரும் டின்னில் அடைத்ததைத்தானே தின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் வெர்லீனைக் குத்திவிட்டது.

அந்த நாலாம் தேதி எங்கள் வரிசைக்குக் கூட்டுச் சாப்பாடு. ஆளுக்கொரு மின்சாரச் சட்டியில் பீன்ஸோ இறைச்சியோ சமைத்துப் பொதுக் கொட்டகைக்குக் கொண்டுவருவோம். காலைக் குளிர்ச்சியிலேயே சமைத்து, சட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவர வேண்டும், கொட்டகையில் யாரும் பிளக்கைச் செருகக் கூடாது என்பது வெர்லீன் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அன்று முதலில் மீறியது வெர்லீனேதான். மகளுக்கு முழுப் பன்றித்தொடை சுட்டுப் போடவேண்டும் என்று, பெரிய மின்சார அடுப்பை எடுத்துத் தன் டிரெய்லருக்கு வெளியே மேசையில் வைத்துச் செருகிவிட்டாள். உள்ளே வைத்தால் டாயிலுக்குச் சூடாகுமே என்ற யோசனை வேறு. வாசனை வரிசை முழுக்கப் போயிற்று. வந்து பார்த்தவர்கள், வெர்லீனே செருகிவிட்டாள், அப்படியென்றால் இந்த வருஷம் தடையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொட்டகையில் இருந்த எல்லாப் பிளக்கிலும் சட்டிகள் ஏறின. என் சட்டியும்தான்.

லீட்டாவின் கார் வந்து நின்றபோது டாயில் வாசலில் கைத்தடியோடு நின்று வரவேற்றான். காலையிலிருந்து அதற்காகவே தெம்பைச் சேர்த்து வைத்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் ஏசி உறுமியது. நின்றது. வெர்லீன் பிரேக்கரைத் தூக்கிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமி, மறுபடி விழுந்தது. மீட்டரைப் பார்த்தவள் முகம் செத்துவிட்டது. வெளியே ஓடிவந்து தன் அடுப்பைப் பிடுங்கினாள். கொட்டகைக்கு ஓடி எங்கள் சட்டிகளைப் பிடுங்கினாள். அப்போதும் பயனில்லை. வரிசையில் நின்றுபோன ஏசிகளெல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி கிளம்பப் பார்த்தால் பழைய கம்பி என்ன செய்யும்.

நான் உள்ளே போனபோது டாயில் சோபாவில் சரிந்து கிடந்தான். நெற்றியில் ஈரத்துணி. தகரப் பெட்டியான டிரெய்லர் அடுப்பாகக் கொதித்தது. லீட்டா காரை ஓடவிட்டு, அதன் ஏசியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். அவள் கோபப்படவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, காருக்கு வாங்க. ஜில்லுனு இருக்கு. தூக்கிட்டுப் போறோம்."

டாயில் நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

"ஏறினா… திரும்பி வர விடமாட்ட நீ."

லீட்டா நெற்றித்துணியை எடுத்து மறுபடி நனைத்தாள். வெர்லீன் சோபாவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். அவள் வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் டிரெய்லருக்குப் போய் ஏசியின் பிரேக்கரைக் கீழே தள்ளினேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை, ஒன்று குறைந்தால் கொஞ்சம் தாங்குமே என்ற கணக்கு. வெளியே வந்தால் எதிர் டிரெய்லர் லமார் தன் கரண்ட் பெட்டியில் கை வைத்து நிற்கிறான். அவனுக்கு அடுத்தவள், வெர்லீனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள், அவளும் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசி இடம்வரை ஒவ்வொன்றாக அடங்கியது. கோடையில் அந்த வரிசை அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பிறகு வெர்லீன் கூரைமேல் மட்டும் ஒன்று முக்கி, முனகி, கிளம்பியது. நிற்காமல் ஓடியது.

சாயங்காலம் டாயில் எழுந்து உட்கார்ந்து பன்றித்தொடை கேட்டான். எங்கள் ஏசிகள் அணைந்தே கிடக்க, நாங்கள் எல்லாரும் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு ஏரியில் நின்று சாப்பிட்டோம். லீட்டா கரைக்கு வந்து எங்களைப் பார்த்தாள். பின்னால் வந்து நின்ற அம்மாவிடம் திரும்பிப் பேசினாள்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடணும்னுதாம்மா வந்தேன். எங்க தெருவுல அப்பாவுக்காக யாரும்மா ஏசிய அணைப்பா?"

வெர்லீன் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். குரல் உடைந்துபோய்த்தான் வந்தது, ஆனாலும் திட்டாகத்தான் வந்தது.

"அப்புறம் எதுக்குடி அந்தக் காரை இன்னும் ஓட விட்டிருக்க?"

லீட்டா போய் காரை அணைத்துவிட்டு வந்தாள்.