எச்சில் போத்தலும் முதல் முத்தமும்

முத்தம் என்று எழுதவே எனக்குக் கை கூசும். காலையில் திருநீறு பூசித் தேவாரம் பாடுகிறவனுக்கு இது ஏன் என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தைப்பூசம். டொலார்ட் முருகன் கோயிலுக்கு மனைவியின் தமையனுடைய வான் வண்டியில் போனோம். ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த எனக்கு, பக்கத்து நகரமான புவாண்ட்-கிளேரில் வேலை எடுத்துத் தந்தவர் அவர். எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நெடுஞ்சாலையில் பனி கொட்டியது. முன்னால் ஏதோ விபத்து. வாகனமெல்லாம் நின்றுவிட்டன. மனைவி அபிஷேகப் பால் செம்பை மடியில் அணைத்தபடி முன்னால் இருந்தாள். பின்னால் நானும் பதின்மூன்று வயது மகளும். கதவைத் திறந்து இறங்கவும் வழியில்லை.

மகளின் கையில் படம் ஓடும் சின்ன டிவிடி பெட்டி. அதில் யப்பான் கார்ட்டூன், பிரெஞ்சுப் பேச்சு. யாரோடும் ஒட்டாத பிள்ளை அவள். அந்தக் கார்ட்டூன் பேசித்தான் பள்ளியில் முதன்முதலாக இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள்.

"உதில கொஞ்சுறதும் கட்டிப்பிடிக்கிறதும்தானே," என்றார் வண்டி ஓட்டிய மச்சான். கொஞ்சுறது என்றால் எங்கள் பேச்சில் முத்தம். "இண்டையோட நிப்பாட்டுங்கோ. பிள்ளை கெட்டுப்போகும்."

மகளின் கண் கலங்கிவிட்டது. நான் படத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் தான் குடித்த தண்ணீர்ப் போத்தலை ஒரு பிள்ளையிடம் நீட்டினான். அவள் வாய் வைத்துக் குடித்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்போம்.

"பாருங்கோ மச்சான், அவன்ர எச்சில் எண்டு நினைவு வந்தவுடனை எவ்வளவு வெக்கப்படுது! நல்ல வளர்ப்பு. எங்கட பிள்ளையள் இதைப் பாக்கத்தான் வேணும்."

"மெய்யே?"

"முருகனாணை!"

மகள் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "அப்பா, அது எச்சிலுக்கு வெக்கமில்லை. ரெண்டு பேற்ற வாயும் ஒரே போத்தலில பட்டா அவையளுக்கு அது கொஞ்சினமாதிரி."

"நல்ல வளர்ப்புத்தான்!" என்றார் மச்சான்.

"அண்ணை, சிரிப்புக் காட்டாதையுங்கோ, பால் சிந்தப்போகுது," என்றாள் மனைவி.

நான் எங்கே போவது? "அப்ப உண்மையாக் கொஞ்சுறது?" என்று மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"கடைசியில ஒருக்கா. முதல்ல விருப்பத்தை வாய் திறந்து சொல்லவேணும். அதுக்கே இருபது பாகம் போகும்."

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு அது எச்சில், அவர்களுக்கு அது முத்தம். ஆனால் வாய் பட்டால் அது சும்மா இல்லை என்பதில் அவர்களும் நாங்களும் ஒன்றுதான்.

"தேப்பன் நீங்கள். சொல்லுங்கோ, நிப்பாட்டுறதோ?" மச்சான் கண்ணாடியில் என்னையே பார்த்தார். மகளும் பார்த்தாள். முன் வாகனம் அசையவில்லை.

"ஆணையிட்டுப்போட்டன் மச்சான். பாக்கட்டும். நானும் பக்கத்தில இருப்பன்."

"ஐயோ அப்பா! நீங்கள் இருந்தா நான் எப்பிடிப் பாக்கிறது?"

சொன்னால் சொன்னதுதான். ஞாயிறுதோறும் சோபாவில் அவளோடு இருந்தேன். கடைசிப் பாகத்தில் அந்த முத்தம் வந்தது. எழும்பிப் போகவும் முடியாது, பார்க்கவும் முடியாது. நான் கால்விரலைப் பார்த்தேன். அவள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா அப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் இருவருக்குமே அது எப்படி இருந்தது என்று தெரியாது.

கோயில் மண்டபத்தில் இது வேறு கதையாக ஓடுகிறது. தகப்பனும் மகளும் கூடாத படம் பார்த்தவையாம். அவளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். கேட்கிறவர்களுக்கு இதை எழுதியபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம், அவளைக் கெட்டவளாக்கவும் வேண்டாம்.