கடல் எப்போது உறையும் என்று கேட்டவர்கள்

கடற்பனி கணிக்கிற தொழிலில் கடலை நம்பக் கூடாது. கணிக்கிறவனையோ எப்படியும் யாரும் நம்புவதில்லை. எதையாவது முன்கூட்டிச் சொல்லி ஏச்சு வாங்கிய எவருக்கும் இது விளங்கும்.

உண்மையில் என்ன வேலை?

நோர்வேயில் சில வருடம் கப்பல்களில் அலைந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிய புதிது. ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காய் வாங்கும்போது கடைக்காரர் என் வேலையை விசாரித்தார். வடதுருவக் கடல் எங்கே, எப்போது உறையும் என்று கப்பல்காரருக்குச் சொல்வது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலையில்லாமல் அரசாங்கத்தின்ர பெனிபிட் காசில இருக்கிறனீங்கள் எண்டா சொல்லுங்கோ அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார்.

குளிர் இருக்கிறது, பனி எங்கே?

கனடாவின் வடகரைக்குக் கப்பல் அனுப்பும் கம்பனியில் கேரன் என்று ஒரு அதிகாரி. ஒருநாள் போன் எடுத்தார். அங்கே காற்று அப்படிக் குளிர்கிறது, நீங்கள் அனுப்பிய பனி வரைபடத்தில் மட்டும் கடல் திறந்தே கிடக்கிறதே என்றார். உப்புநீர் மேலே குளிர்ந்தால் கனத்து இறங்கும், கீழிருந்து கொஞ்சம் சூடான நீர் ஏறி வரும், புயல் வேறு கலக்குகிறது, அந்தச் சூடு தீரும்வரை உறையாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"நீங்கள் ஜன்னலுக்கு வெளியேயாவது பார்ப்பதுண்டா?"

எண்ணெய் மாதிரிக் கடல்

அடுத்த வாரமே கேரனின் கப்பல் ஒன்று இயந்திரங்கள் ஏற்றுவதற்கு ஓர் ஆற்றுமுகத்துக்குள் போகவிருந்தது. பனியை உடைக்க முடியாத சாதாரணக் கப்பல். உள்ளே கடல் உறைந்தால் மாலுமிகள் அத்தனை பேரும் அகப்பட்டுப் போவார்கள். புயல் ஓய்ந்திருந்தது. கப்டன் தூத்துக்குடிக்காரர், போனில் கூப்பிட்டார். "சார், எண்ணெ ஊத்துன மாதிரி அமைதியா கெடக்கு. உள்ள போயிடுறேன்" என்றார்.

அந்த எண்ணெய்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆற்றின் நன்னீர் உப்புநீருக்கு மேல் பரவி மிதக்கும். குளிர்ந்தாலும் கீழே இறங்காது, அடியிலுள்ள சூட்டையும் மேலே விடாது. காற்றும் ஓய்ந்துவிட்டால் மளமளவென்று மூடிவிடும். போகவேண்டாம் என்றேன். லண்டனில் நாற்காலியில் இருந்துகொண்டு பயப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். ஒரு வாளியை இறக்கி அள்ளியாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். போனிலேயே வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

"சார், வாளியில கஞ்சி மாதிரி வந்திருக்கு."

ஆதாரம்

கடல் உறையத் தொடங்கும்போது முதலில் அப்படித்தான் கஞ்சியாகத் திரளும். கப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார். மறுநாள் செயற்கைக்கோள் படத்தில் ஆற்றுமுகம் முழுக்க வெள்ளை. இயந்திரங்கள் இனிக் கோடைவரை அங்கேயே கிடக்குமே என்று கொதித்துக்கொண்டிருந்த கேரனுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இந்தப் படத்தையும் நீங்கள்தானே தருகிறீர்கள்?"

ஒரு கப்பலாவது அகப்பட்டாலொழிய எங்கள் தொழிலில் நல்ல பெயர் எடுக்க முடியாது போலிருக்கிறது.