அப்பா எடுக்காத போன்

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் ஆறரை மணிக்கு அப்பாவுக்குப் போன் போடுவேன். அவர் எடுக்கும்வரை மணி அடிப்பதை எண்ணுவேன். நாலுக்குள் எடுத்துவிட்டால் நிம்மதி. ஆறைத் தாண்டினால் உள்ளங்கை வேர்த்துவிடும். குளித்துக்கொண்டிருப்பார், மோட்டார் போடப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கை அதற்குள் எதிர்வீட்டு அத்தையின் நம்பரைத் தேட ஆரம்பித்திருக்கும். பாவம் அந்த அத்தை. எங்கள் வீட்டுக் கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது.

நான் உசிலம்பட்டியில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அப்பா மதுரையில் பழங்காநத்தத்தில் தனியாக இருக்கிறார். நான் ஒத்தப் பிள்ளை. எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டபோதெல்லாம், "வாரேன் வாரேன்" என்றாரே தவிர வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷன். மழையில் அறுந்து கிடந்த வயரை எடுத்துக் கட்டியவர். அவர் எதற்காவது பயந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் பயந்தாங்கொள்ளி நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா இறந்த நாளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். நெஞ்சு கரிக்கிறது என்றாள். சேரில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்தது இன்னும் கொஞ்சம் இருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் அம்மா எனக்குப் போன் போட்டாள். நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். தலைமையாசிரியர் எதையோ பேசிக்கொண்டிருந்தார். மேஜையில் கிடந்த போனில் 'அம்மா' என்று வந்தது. எதற்குக் கூப்பிடுவாள், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள் என்று நினைத்து கட் செய்தேன். எடுக்காமல் விடவில்லை, பார்த்துவிட்டுத்தான் கட் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டபோது அப்பா எடுத்தார். அவருக்குப் பேச்சு வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

போன மார்கழிக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. காலையில் அப்பா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ஆனால் வழக்கம்போலப் பேசவில்லை. "சரி ஆத்தா, நீ வேலையப் பாரு" என்று உடனே வைத்துவிட்டார். பின்னால் டிவி செய்திச் சத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு டிவி ஓடாமல் இருந்ததே இல்லை. தேர்வு ஹாலில் பிள்ளைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போதெல்லாம் அது என்னை அரித்தது.

பதினொன்றரைக்கு வெளியே வந்ததும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை போட்டேன். அப்புறம் அத்தையைக் கூப்பிட்டேன்.

"பால் பாக்கெட்ட காலையிலயே எடுத்துட்டாரே, நான் பார்த்தேன்" என்றார். பிறகு கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "வீடு பூட்டியிருக்குத்தா. ஆனா வண்டி உள்ளதான் நிக்குது" என்றார்.

அப்பா முக்குக் கடைக்குக்கூட ஸ்கூட்டரில்தான் போவார். வண்டியை விட்டுவிட்டு எங்கே போயிருப்பார்?

தலைமையாசிரியரிடம் என்ன சொல்லி லீவு கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செக்கானூரணி வருவதற்குள் இன்னும் ஆறு தடவை போன் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முழு மணியும் அடித்து ஓய்ந்தது. எங்காவது ரோட்டோரத்தில் விழுந்து கிடப்பார், பக்கத்தில் போன் அடித்துக்கொண்டிருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று மனதில் ஒரு படம் வந்தது. வந்த படம் போக மறுத்தது. முன் சீட்டில் ஒரு அம்மா கொய்யாப்பழம் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கி, தின்ன முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

தெரியாத நம்பர் என்றால் எனக்கு ஆகாது. ஆஸ்பத்திரியோ போலீஸோ அப்படித்தானே கூப்பிடும். விரலை வைக்கவே முடியவில்லை. அது நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"சிலிண்டர் வந்திருக்கும்மா. பழங்காநத்தம். வீடு பூட்டிக் கிடக்கே" என்றார் ஒருவர். புக் செய்யும்போது என் நம்பரைக் கொடுத்திருந்தேன். "எம்புட்டு நேரமாக் கதவத் தட்டுறது?"

"உள்ள ஏதாச்சும் சத்தம் கேக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "வெளியில பூட்டுல்ல தொங்குது" என்றார்.

எதிர்வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். கொய்யாத்துண்டு கையில் நசுங்கிப் போயிருந்தது.

என்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்தபோது மணி ஒன்றரை இருக்கும். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன். வெளியில் பூட்டியிருக்கும் வீட்டில் அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்தும் பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. டீ குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. போர்வை மடித்திருந்தது. கட்டிலின் மேல் அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைல் விரித்துக் கிடந்தது. சுகர் ரிப்போர்ட், இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் எடுத்த ஈசிஜி, எல்லாம். ஈசிஜி தாளை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய கண்ணாடிக் கூடு அதன் மேல்தான் இருந்தது.

அப்பாவுக்கும் நெஞ்சில்தான் ஏதோ என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெருக்கோடியில் அப்பா வழக்கமாகக் காட்டும் டாக்டரின் கிளினிக் இருக்கிறது. ஓடினேன். மதியம் டாக்டர் இல்லை. சீட்டு எழுதும் அக்கா இருந்தார். "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "பத்து நாளாவே நடந்தா நெஞ்சப் பிடிக்குதுன்னு வந்துட்டுப் போறாரு. ஸ்கூட்டர் ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லி லெட்டர் குடுத்திருக்கோம். இன்னைக்குத்தான் போறேன்னாரு."

பத்து நாள். பத்து நாளும் காலையில் ஆறரைக்கு நான் போன் போட்டிருக்கிறேன். நல்லா இருக்கேன் என்று பத்து நாளும் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதய நோய்ப் பிரிவுக்கு வெளியே நீள நீளமான பெஞ்சுகள். மூன்றாவது வரிசையில் ஓரமாக அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் வயர் கூடை. கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்கு நேரே சுவரில் 'செல்போனை அமைதியாக வைக்கவும்' என்று போர்டு தொங்கியது. அப்பா போர்டில் எழுதியிருப்பதை மீற மாட்டார். அது அவருடைய வேலை கற்றுக்கொடுத்தது.

என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் போல எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"யார் சொன்னா உனக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ."

"இப்ப பயப்படாமயா வந்தேன்?"

டோக்கன் நம்பர் ஓடும் பெட்டியைப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்குத்தா" என்றார். "கம்பத்துல ஏறும்போது லைன் ஆஃப் பண்ணியிருக்கா இல்லையான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுக்கலாம். இது உள்ளல்ல ஓடுது. யாரக் கேக்குறது?"

அப்பா வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையைக் கேட்டது எனக்கு எதைவிடவும் பயமாக இருந்தது. அவர் தைரியமாக இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நான் இத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

எங்களுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"உங்க அம்மா அன்னைக்குக் காலையிலயே சொன்னா. இடது கை இழுக்குதுன்னா. நான் தைலத்தத் தேச்சுவிட்டேன். பதினொண்ணரைக்கு மேல நெஞ்சு கரிக்குதுன்னா. கேஸுதான்னு சொல்லி சோடா வாங்கப் போனேன். முக்குக் கடையில சோடா இல்ல. அடுத்த கடைக்குப் போனேன். அங்க தெரிஞ்ச ஆளு ஒருத்தன் நின்னான். ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன். வந்து பார்த்தா சேர்ல சாஞ்சு கிடக்கா. கையில போன் இருந்துச்சு." நிறுத்தினார். "ஒரு ஆட்டோவப் பிடிச்சு இங்க கூட்டியாந்திருக்கலாம். சோடா வாங்கப் போயிருக்கேன் பாரு."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்ற கதைக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் அந்த வீட்டில் அதே சேரைப் பார்த்துக்கொண்டு தனியாக இதை வைத்திருந்திருக்கிறார்.

நானும் சொன்னேன். போன் வந்ததையும், பெயரைப் பார்த்ததையும், கட் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் பெஞ்சில் இருந்த ஒருவரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நீ எடுத்திருந்தாலும் அவ பிழைச்சிருக்க மாட்டா" என்றார். "ஆனா என்ன சொல்ல நினைச்சான்னு தெரிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது உண்மை. அது என்னை அழ வைத்தது. அவர் அழவில்லை. வயர் கூடையிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டருக்கு என் வயதுகூட இருக்காது. இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள், நல்ல வேளை வந்தீர்கள் என்றார். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும்போலத் தெரிகிறது. மறுநாள் காலையில் ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். என்னென்ன ஆகலாம் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. கடைசி வரியில் மரணம் என்று இருந்தது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன்.

மறுநாள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்பிடு போ" என்றார். கதவு மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் என்றார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதிகமாக ஆன அந்த முக்கால் மணி நேரத்தில் நான் என் அப்பாவைப் பறிகொடுத்து, காரியமும் முடித்து, அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டேன். அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்தது. நர்ஸ் வந்து முதுகில் தட்டி, "நல்லபடியா முடிஞ்சுதுக்கா" என்றபோது அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறார். இரண்டு மாதம் எங்களோடு இருந்துவிட்டு, தன் வீட்டுக்குப் போயே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் நான் மதுரைக்கு வந்துவிடுகிறேன். ஞாயிறு மாலைதான் திரும்புகிறேன். அப்பாவும் நானும் சேர்ந்து சமைக்கிறோம். அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். பாதி எனக்குத் தெரியாததாக இருக்கிறது. அவளுக்குத் தறிச்சத்தம் கேட்டால் தலைவலி வரும் என்பதோ, கல்யாணமான புதிதில் அப்பா கம்பத்தில் ஏறுவதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வாள் என்பதோ எனக்குத் தெரியாது. பயம் போகவில்லை. மதியம் அவர் தூங்கும்போது அறை வாசலில் நின்று நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும். தூங்குகிற மாதிரியே கிடப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி மலைக்குப் போக வேண்டும் என்றார். உசிலம்பட்டிக்கு என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், பஸ் ஜன்னலில் அந்த மலையைக் காட்டி, ஒருநாள் ஏறிப் பார்க்கணும் என்று அம்மா சொல்வாளாம். எவ்வளவோ தடவை அந்த வழியாக வந்தும் இறங்கவே இல்லை.

"டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, மலையேறச் சொல்லல" என்றேன்.

"மெதுவாப் போவோம்" என்றார்.

பாறையில் வெட்டிய படிகள். பத்துப் படிக்கு ஒருதரம் நிறுத்தினேன். அவர் மூச்சு வாங்கியது எனக்கு அடிவாரத்துத் தாமரைக் குளத்தில் நின்ற கூட்டத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பாதி தூரத்தில் போதும் என்றேன். நான் சொன்னதற்காக உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கீழே வயலும், தூரத்தில் மதுரைக் கட்டிடங்களும் தெரிந்தன. "அவ இருந்தா உச்சிக்குப் போகாம விடமாட்டா" என்றார். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் கைக்குள் இருந்தது. அட்டையின் ஓரம் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியதும் இறங்கினோம். நான் அவருக்கு முன்னால், பக்கவாட்டில் திரும்பியபடி ஒவ்வொரு படியாக இறங்கினேன். சறுக்கினால் என் மேல் விழட்டும் என்று.